சக்கர வீட்டில் சின்னப் பிள்ளைகள்

படுக்கை, அடுப்பு, கழிவறையோடு ஓடும் கேம்பர் வேனை வாடகைக்கு விடுபவர்கள் விற்பது சுதந்திரத்தை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பிடிக்காவிட்டால் நகரலாம், அறை தேட வேண்டாம் என்பார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தச் சுதந்திரத்தால் ஒரு பயனும் இல்லை. அதற்கு வேண்டியது நேற்றுப் படுத்த அதே படுக்கை, அதே போர்வை, அதே தட்டு. பகலில் ஊர் மாறிக்கொண்டே இருக்க, இரவில் எதுவும் மாறாமல் இருப்பதுதான் இந்த வண்டி சிறு பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை. நியூசிலாந்தின் தென்தீவை வைத்துச் சொல்கிறேன். கேம்பர் வேன் பயணத்துக்கு உலகில் மிகவும் பேர்போன இடங்களில் அது ஒன்று.

காரில் ஊர் ஊராகப் போய் விடுதிகளில் தங்கும் குடும்பம் ஒவ்வொரு மாலையும் பெட்டிகளை இறக்கி, காலையில் மறுபடி கட்ட வேண்டும். வேனில் அந்த வேலை முதல் நாளோடு முடிகிறது. சிறுநீர் அவசரத்துக்கு வழியும் கூடவே வருகிறது. பெட்ரோல் பங்க் வரும்வரை பொறுத்துக்கொள் என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் கெஞ்சியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பசி வந்தால் சாலையோரத்தில் நிறுத்தி, கேஸ் அடுப்பில் சோறு வைத்துவிடலாம். உணவகத்தில் தட்டு வருவதற்குள் பிள்ளை மேசைக்கு அடியில் போய்விடும் தொல்லை இல்லை. இவற்றில் எதுவும் விளம்பரப் படத்துக்கு உதவாது. ஆனாலும் நான் முதலில் சொல்வது இவற்றைத்தான்.

சுதந்திரத்தின் கதை வேறு. கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குவதை ஒழுங்குபடுத்த 2011இல் நியூசிலாந்தில் சட்டம் வந்தது. 2023இல் அதை இறுக்கினார்கள். கழிவறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால்தான், அப்படித் தங்கப் பெரும்பாலும் தேவைப்படும் தன்னிறைவுச் சான்று கிடைக்கும். எடுத்து வைக்கும் சிறு கழிவறை இனி செல்லாது. சான்று இருந்தாலும் பல ஏரிக்கரைகளில் இரவு தங்கத் தடை உண்டு, மீறினால் அபராதம். இருட்டும் நேரத்தில் அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்த இடம் தேட யாருக்கும் தெம்பிருக்காது. குடும்பங்கள் கடைசியில் ஹாலிடே பார்க் எனப்படும் கட்டண முகாம்களுக்கே போய்ச் சேர்கின்றன.

அதில் குறையொன்றுமில்லை. பெரிய பொதுச் சமையலறை, சுடுநீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகள் குதித்து விளையாடக் காற்றடைத்த மெத்தை எல்லாம் அங்கே உண்டு. மலையைவிட அந்த மெத்தைதான் பிள்ளைகள் நினைவில் நிற்கும் என்றால் பெற்றோர் வருந்தக்கூடாது. ஆனால் பணக் கணக்கு மாறிவிடுகிறது. வேன் வாடகை, முகாம் கட்டணம், டீசல், டீசல் வண்டிகளுக்கு ஓடிய தூரத்தைப் பொறுத்து விதிக்கப்படும் சாலை வரி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கோடை விடுமுறையில் ஒரு சிறு காரும் சமையலறை உள்ள மோட்டலும் அதைவிட மலிவாக முடியலாம். சிக்கனம் என்று சொல்லி யாரும் வேன் எடுக்க வேண்டாம்.

எனக்குப் பெரிய மனக்குறை இருக்கைகளைப் பற்றியது. ஆறு பேர் படுக்கலாம் என்ற பேச்சு, எத்தனை குழந்தை இருக்கைகளைப் பாதுகாப்பாகப் பொருத்தலாம் என்பதைச் சொல்வதில்லை. ஏழு வயது நிறையும்வரை அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அந்த இருக்கையை முன்னோக்கிய ஆசனத்தில், உரிய கொக்கியோடு இறுக்க வேண்டும். பல வண்டிகளில் அப்படிப்பட்ட இடம் ஒன்றோ இரண்டோதான். பக்கவாட்டு சோபா இதற்கு ஆகாது. ஓடும் வண்டியில் பிள்ளையைப் படுக்கையில் போட்டுத் தூங்கவைப்பது அதைவிட ஆபத்து. வாடகை பேசும்போது குளிர்பதனப் பெட்டியின் அளவைக் கேட்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

தூரமும் ஏமாற்றும். தெ அனா ஊரிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டு என்னும் கடற்கழிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். ஆனால் மலை வளைவுகளில் கார் போவதற்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆடி அசைந்து போகும் ஏழு மீட்டர் வண்டியில் பிள்ளைகளுக்குக் குமட்டும். போய்ச் சேரும் இடத்தில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை விட்டால் மணல் ஈக்கள் கடிக்கும், கதவைத் திறந்து வைக்க முடியாது. டெக்காப்போவின் விண்மீன்களுக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அந்த வட்டாரம் 2012இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே கோடையான டிசம்பரில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். வானம் நன்றாக இருள்வதற்குள் பிள்ளைகள் தூங்கிப்போவார்கள். குளிர்காலத்தில் மாலையிலேயே விண்மீன்களைக் காட்டிவிடலாம், வண்டியில் நல்ல ஹீட்டர் இருந்தால்.

வேலைப் பங்கீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் நிரப்புவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, மேசையை மடக்கிப் படுக்கையாக்குவது, காலையில் அதைத் திரும்ப மேசையாக்குவது எல்லாம் பெரியவர்கள் தலையில்தான். இருவரில் ஒருவரே இதையெல்லாம் சுமந்தால் அது விடுமுறை அல்ல, இடம் மாறிய வீட்டுவேலை. மழை நாளில் நான்கு பேர் அந்தச் சிறு அறைக்குள் அடைந்து கிடப்பது அன்பையும் வளர்க்கும், சண்டையையும் வளர்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் நான் வேனின் பக்கம்தான், சில நிபந்தனைகளோடு. மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருப்பவர்கள் பெரியவர்களுக்காகப் போட்ட பயணத் திட்டத்தைப் பாதியாக வெட்டுங்கள். மில்ஃபோர்டை விட்டுவிட்டு மொயராக்கி கடற்கரையின் உருண்டைப் பாறைகளில் ஒரு முழுக் காலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். முன்பணம் கட்டுமுன், உங்கள் பிள்ளைகளின் இருக்கைகளை எந்த ஆசனத்தில், எந்தக் கொக்கியில் மாட்டுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தெளிவான பதில் வராவிட்டால் காரும் மோட்டலும் போதும்.