பருத்திப்பால் இறங்கும் நேரம்

மதுரைக்கு வந்து போகிற வெளியூர்க்காரர்கள் மீது எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. காலையில் அம்மன் தரிசனம், உச்சி வெயிலில் மகால், சாயங்காலம் விளக்குத்தூணில் நின்றபடியே ஒரு ஜிகர்தண்டா, ஒன்பது மணிக்கு மேல் பாண்டியன் எக்ஸ்பிரஸ். வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் ஊர் முடிந்துவிடுகிறது. அவர்கள் ரயிலில் படுக்கையை விரிக்கிற நேரத்தில்தான் சொக்கர் பல்லக்கில் ஏறிப் பள்ளியறைக்குப் புறப்படுகிறார். சிம்மக்கல்லில் கறிதோசைக் கல் நன்றாகக் காய்ந்து நிற்கிறது. மாசி வீதி முக்கில் பருத்திப்பால் அண்டாவில் அடிப்பால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இந்த ஊரின் சாயங்காலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மத்தியானம் சாத்திய கோயில் நடை நான்கு மணிக்குத் திறக்கும். அதிலிருந்து பள்ளியறை வரைக்கும் உள்ள நேரத்தில், எந்த வீதியில் எதைச் சாப்பிடுவது என்பது தானாகவே அமைந்திருக்கிறது. கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் காபியும் வெள்ளையப்பமும். மாசி வீதிக்கு வந்தால் நாலு வகைச் சட்னியோடு இட்லி, தெற்குப் பக்கம் சௌராஷ்டிரக்காரர்கள் போடுகிற முள்முருங்கை வடை. கறியும் பரோட்டாவும் அதற்கும் வெளியே. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தாரே, அந்தச் சுவரும் அகழியும் இருந்த இடத்தை ஒட்டித்தான் புகழ்பெற்ற அசைவக் கடைகள் பல இன்றைக்கும் இருக்கின்றன. அவர் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண் என்பது, அதனடியில் ஜிகர்தண்டா குடிப்பவர்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது.

ஆக, மதுரையின் சாயங்காலத்தை உள்ளேயிருந்து வெளியே நடந்துதான் சாப்பிட வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் அறை எடுத்தவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். இறங்கியவுடன் பசிக்கிறது, கண்ணில் பட்டது பரோட்டாக் கடை. கறி சாப்பிட்ட பிறகு கோயிலுக்குள் போகலாமா என்று ஒரு தயக்கம். சரி, கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துக்கொள்கிறார்கள். ஒரு பிளேட் பரோட்டா முந்திக்கொண்டதில் ராத்திரி முழுவதும் போய்விடுகிறது.

பார்க்க வேண்டியவற்றை நான் சுருக்கமாகவே வைத்துக்கொள்வேன். மகாலுக்கு நாலு மணிக்கு மேல் போனால் போதும். 1636இல் திருமலை நாயக்கர் எழுப்பிய மாளிகையில் அவர் பேரன் சொக்கநாதர் பெயர்த்துக்கொண்டு போனது போக எஞ்சியதுதான் இப்போது நிற்பது. அதையும் நேப்பியர் பிரபு பழுதுபார்த்ததால் நமக்குக் கிடைத்தது. அந்த எஞ்சிய பகுதியிலேயே சாய்வெயில் தூண்களின் சுதையில் ஏறுவதைப் பார்த்தால் வேறு காட்சி தேவையில்லை. ஒலி-ஒளிக் காட்சி பிரியர்கள் அன்றைக்கு நடக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த வண்ண விளக்குகளைவிட ஐந்து மணி வெளிச்சம் மேல். தெப்பக்குளத்தில் தண்ணீர் நின்றால் கரையில் காற்று வாங்கப் போகலாம். அங்கே இப்போது கடைகள் பெருகி, குளத்தைப் பார்க்க வந்தவர்களின் முதுகுதான் குளத்தைப் பார்க்கிறது. ஆறு மணிக்குக் கோயிலின் ஆடி வீதிக்குள் இருந்துவிட வேண்டும். ஏறத்தாழ 170 அடி உயரத் தெற்குக் கோபுரத்தின் உச்சியில் வெயில் கடைசியாக நிற்கும். பறவைகள் அடைகிற சத்தம் அடங்கும் வரைக்கும் பொற்றாமரைப் படிக்கட்டில் உட்காரலாம். 2018 தீவிபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது. அதனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெளியே வந்தவுடன் நேராகப் பருத்திப்பால்.

என் வண்டிக்காரர் மாசி வீதிகளில் ஒன்றில் நிற்கிறார். பெயரை எழுதினால் கூச்சப்படுவார். ஐந்தரை மணிக்கு மேல் வண்டி வந்து நிற்கும். பித்தளை அண்டா, அடியில் கரியடுப்பு, வாயை மூடிய தட்டு, தட்டின் மேல் மடித்துப் போட்ட ஈரத்துணி. தட்டைத் தூக்கியதும் முதலில் வருவது சுக்கு வாசனை, அதன் பின்னால் கருப்பட்டி. மேலே படிந்த ஆடையைக் கரண்டியின் முதுகால் ஒதுக்கி, அடிவரைக்கும் விட்டு மூன்று சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு தம்ளருக்கும் இந்த மூன்று சுற்று உண்டு. கூட்டம் நெருக்கினாலும் குறையாது. அரிசி மாவு அடியில் தங்கிவிடும் என்பதால் கலக்காமல் மொண்டால் முதலில் வந்தவருக்குத் தண்ணீரும் கடைசியில் வந்தவருக்குக் கூழும் கிடைக்கும். பிறகு கரண்டியை ஒரு முழம் மேலே தூக்கி ஊற்றுவார். தாரை அறுபடாமல் விழ வேண்டும், தம்ளரில் நுரை கட்டக் கூடாது. அதுதான் பதம். கடைசியில் ஒரு சிட்டிகை தேங்காய்ப்பூ.

இதைக் காய்ச்சுவது சமையலில் சேர்த்தியா, வைத்தியத்தில் சேர்த்தியா என்று கேட்பவர்கள் உண்டு. சளிக்கு நல்லது, நெஞ்சுக்கு இதம் என்று சொல்லித்தான் பலர் குடிக்கிறார்கள். நல்லதாகவே இருக்கட்டும். மருந்தென்று நினைத்துக் குடிப்பவர்கள் ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. பருத்திப்பால் மூன்று கட்டமாக நாக்கில் இறங்குகிற பானம். முதலில் கருப்பட்டியின் இனிப்பு, அதில் லேசான கரிப்பு. அது மறையும்போது தொண்டையில் சுக்கின் காரம். இரண்டும் போன பிறகு, வாயில் எதுவும் இல்லை என்று நினைக்கிற நேரத்தில், கொட்டையின் வாசனை எழும்பி வரும். புல்லும் எண்ணெயும் கலந்த, கொஞ்சம் மாட்டுத்தொழுவ ஞாபகம் தருகிற வாசனை அது. பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றிப் பசு வளர்த்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு உடனே புரியும். அந்த மூன்றாவது கட்டம் வரைக்கும் காத்திருக்கத் தெரிந்தவர்தான் பருத்திப்பால் குடித்தவர்.

அந்த வாசனையை அளவோடு நிறுத்துவதில்தான் கைத்திறமை இருக்கிறது. கொட்டையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் பிழிவார்கள். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு ஆட்டி இரண்டாம் பால், மூன்றாம் பால். பிழிந்த பாலைத் தனியாகக் கொதிக்க வைத்துப் பச்சை வாடையைப் போக்கிய பிறகே அரைத்த பச்சரிசியைக் கரைத்து விட வேண்டும். கருப்பட்டியைத் தனியே காய்ச்சி, மண் வடிகட்டி, எல்லாம் கூடிவந்த பிறகு கடைசியில் சேர்க்க வேண்டும். கொதி போதாவிட்டால் கொட்டை நெடி மூக்கில் அடிக்கும். கூடிப்போனால் அந்த வாசனையே செத்து, வெறும் அரிசிக் கஞ்சியில் கருப்பட்டி போட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் மிகச் சிறியது. என் வண்டிக்காரர் அதைக் கடிகாரம் பார்த்துப் பிடிப்பதில்லை. "நெடி மாறுறது தெரியும்ணே, அப்ப இறக்கிருவேன்" என்பார். அவ்வளவுதான் அவர் சொல்கிற செய்முறை.

இந்தப் பானம் மதுரையில் நிலைத்ததற்கு மண்ணும் மில்லும் காரணம். திருமங்கலத்தைத் தாண்டினால் விருதுநகர், கோவில்பட்டி வரைக்கும் கரிசல். பருத்தியைக் கொட்டை நீக்கிப் பஞ்சாக்கி மில்லுக்கு அனுப்பினால் கொட்டை இங்கேயே மிஞ்சும். பசு தின்றது போக மனிதனும் குடித்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1892இல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்லின் சங்கை வைத்து நேரம் சொன்ன தலைமுறை எங்கள் வீட்டில் இருந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற தாத்தா தூக்குவாளியில் பருத்திப்பால் வாங்கி வருவார். விடியற்காலையில் எழுப்பி ஆளுக்கு அரைத் தம்ளர் கொடுப்பார்கள். பல் விளக்கினால்தான் என்று பாட்டி பிடிவாதம் பிடிப்பாள். ஆறிப்போகுமே என்று தாத்தா வாதாடுவார். ஆறிப்போன பருத்திப்பால் ஒன்றுக்கும் உதவாது என்பதில் எனக்கு இன்றுவரை தாத்தா பக்கம்தான்.

ஜிகர்தண்டா பிரியர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சுண்டக் காய்ச்சிய பாலும் நன்னாரியும் பாதாம் பிசினும் ஒழுங்காகச் சேர்ந்த ஜிகர்தண்டாவை சித்திரை வெயிலில் மத்தியானம் குடிக்கலாம், அதற்குப் பிறந்த பானம் அது. அதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கச் சொல்வதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குளிர்ச்சியும் பாலாடையும் நாக்கை மரக்கச் செய்துவிடும். பிறகு வருகிற கறியின் மிளகு காதில் விழுந்த செய்தியாகத்தான் இருக்கும். பருத்திப்பால் நேர்மாறு. சுக்கு வயிற்றைத் திறந்துவிடும். ஒரு தம்ளர் குடித்துவிட்டு மறுபடி ஒன்றரை மணி நேரம் கோயிலுக்குள் சுற்றினால், வெளியே வரும்போது நல்ல பசி இருக்கும். இந்த வரிசையை யார் வகுத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் வயிறு அறிந்தவர்கள் வகுத்தது.

ஒன்பது மணி வாக்கில் சுவாமி சந்நிதியிலிருந்து சொக்கரின் பாதுகைகள் வெள்ளிப் பல்லக்கில் கிளம்பும். மேளமும் நாகஸ்வரமும் முன்னே போகும். பகலில் இடித்துத் தள்ளிய கூட்டம் போய், அன்றாடம் வருகிற உள்ளூர் முகங்கள்தான் அதிகம் இருக்கும். நாகஸ்வரத்துக்காகவே வருகிறவர்கள் சிலர் உண்டு. சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்களின் ஊர் இது. அவர்கள் வாசித்ததை 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் கேட்டவர்கள் அந்தத் தரத்தை இந்தப் பிராகாரத்திலும் எதிர்பார்த்துக் காது கொடுப்பார்கள். சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. பல்லக்கு அம்மன் சந்நிதிக்குள் நுழைந்ததும் பள்ளியறை தீபாராதனை. அந்த வெளிச்சத்தில் மூக்குத்தியைப் பார்ப்பதற்காகத் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். இதை விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த டிக்கெட்டை மறுநாள் காலை வைகை எக்ஸ்பிரஸுக்கு எடுங்கள்.

அதற்குப் பிறகுதான் சிம்மக்கல். கோனார் மெஸ் கறிதோசையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த தோசை, மேலே முட்டை, அதன் மேல் வதக்கிய கொத்துக்கறி, திருப்பிப் போட்டுக் கறி கல்லில் படும்போது ஒரு சீறல். அந்தச் சீறலுக்கும் எடுப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். கறியின் விளிம்பு முறுகி, தோசையின் நடு மெத்தென்று இருக்க வேண்டும். பன் பரோட்டா தேடி ஊரின் மறுகோடிக்கு ஆட்டோ பிடிப்பவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் சால்னா சரியாக இருக்கிற எந்தத் தெருக்கடைப் பரோட்டாவும் எனக்குப் போதும்.

இந்த ஊரின் ராத்திரிச் சாப்பாடு ஓட்டல்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் அல்லங்காடி என்ற இரவுச் சந்தையைக் காட்டுகிறார். அடையும் மோதகமும் விற்ற கூவியர், இரவு ஏறியபின் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவதை எழுதியிருக்கிறார். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்த புலவர், பலகாரம் விற்று அலுத்தவர்களையும் மறக்கவில்லை.

இன்றைக்குப் பருத்திப்பாலின் சரக்கு தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. கருப்பட்டி இருந்த இடத்தில் சர்க்கரையும் கொஞ்சம் நிறமும். பச்சரிசி ஆட்டிய இடத்தில் சோளமாவு, அது ஊற்றும்போது பளபளக்கும், குடித்தால் பிசினாக ஒட்டும். கொட்டை குறைந்ததை மறைக்கப் பசும்பால் கலக்கிறார்கள். பி.டி. பருத்தி 2002க்குப் பிறகு பரவியதில் கருங்கண்ணி மாதிரியான நாட்டுப் பருத்தி அரிதாகிவிட்டது. என் நாக்குக்குச் சின்னக் கொட்டையின் பால்தான் கெட்டியான வாசனை உடையது. போதாக்குறைக்குக் காகிதக் கப். சூடு கையில் ஏறாமல், மெழுகு வாடையோடு, அடியில் தங்கிய தேங்காயை எடுக்க வழியில்லாமல் எப்படிக் குடிப்பது? கல் பாவி அழகுபடுத்திய வீதிகளில் தள்ளுவண்டி நிறுத்த இடம் கேட்டு அலைகிற பெரியவர்களையும் எனக்குத் தெரியும்.

ஆகவே வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியின் முன்னால் நின்று, "அண்ணே, கருப்பட்டியா சர்க்கரையா?" என்று கேளுங்கள். "கண்ணாடித் தம்ளர்ல குடுங்க" என்று சொல்லுங்கள். கலக்காமல் ஊற்றினால் ஒரு சுற்றுக் கலக்கச் சொல்லுங்கள். கருப்பட்டி போட்டவர் ஐந்து ரூபாய் கூடச் சொன்னால் பேரம் பேசாதீர்கள். என் வண்டிக்காரர் இன்னும் கொட்டையைக் கையால் புடைத்துப் பொறுக்கியே ஊறப்போடுகிறார். வாங்குகிறவர்களில் நாலு பேராவது வித்தியாசம் தெரிந்து கேட்கிறார்கள் என்பதுதான் அதற்குக் காரணம் என்று அவரே சொல்வார். அந்த நாலு பேர் நாற்பது பேரானால், சோளமாவு கரைக்கிற பக்கத்து வண்டிக்காரரும் மறுபடி பச்சரிசி ஆட்டுவார்.