‘ஹலோ’வோடு நின்றுவிடும் துணுக்குகள்

பைத்தானில் ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்புவது எப்படி என்று இணையத்தில் தேடிப் பாருங்க. பெரும்பாலான பக்கங்களில் விடை ஒன்றுதான்: சொல்லுக்குப் பின்னால் [::-1] போடுங்க, முடிஞ்சது வேலை. உதாரணத்துக்கு ‘ஹலோ’ மாதிரி ஓர் ஆங்கிலச் சொல் அழகாகத் திரும்பி நிற்கும். அதே துணுக்கில் ‘தமிழ்’ என்று தமிழிலேயே கொடுத்தால்? ‘ழ்மித’ என்று வர வேண்டும். வருவதோ, எந்த எழுத்தோடும் சேராமல் தொங்கும் ஒரு புள்ளி, அதையடுத்து ‘ழிமத’. மகரத்தின் மேலிருந்த இகரம் ழகரத்தின் மேல் ஏறிக்கொண்டது.

எழுத்துகளை எண்ணும் துணுக்கும் இப்படித்தான். ‘லென்’ ஃபங்ஷனிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் 5 என்கிறது. நமக்கு அது 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து கோட் பாயின்ட்களாக அந்தச் சொல் சேமிக்கப்படுகிறது; ‘லென்’ எண்ணுவது அவற்றைத்தான். ஆக, ‘லென்’ பொய் சொல்லவில்லை. அந்தத் துணுக்குக்கு ‘எழுத்துகளை எண்ணுவது எப்படி?’ என்று தலைப்பு வைத்தார்களே, தவறு அங்கேதான்.

இதெல்லாம் பார்த்தவுடன் தெரிகிற பிழைகள், போகட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கட்டுரையிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘\டபிள்யூ+’ போடச் சொல்லும் குறிப்பு ரொம்பப் பிரபலம். பைத்தானோடு வருகிற ‘ரீ’ மாட்யூல் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அதனால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு சொல்லாக உடைகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஆயிரம் பக்கத் தமிழ் உரையைக் கொடுத்தாலும் சொல் அடைவு, எண்ணிக்கை, அட்டவணை எல்லாம் கச்சிதமாக வந்துவிடும். அதை நம்பி ஒருவர் ஆய்வேடு எழுதினால், அடிப்படையே உடைந்த சொற்கள்!

‘தமிழுக்கு மட்டும் வர்ற பிரச்சினைதானே இது?’ என்று கேட்கலாம். இல்லை. பைட் எண்ணிக்கையை மனிதர்கள் படிக்கும்படி ‘கேபி’, ‘எம்பி’ என்று மாற்றித் தரும் ஒரு ஜாவா துணுக்கு 2010-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிலாக எழுதப்பட்டது. அந்தத் தளத்திலிருந்து கிட்ஹப்புக்கு மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துணுக்கு அதுதான் என்று பின்னால் ஓர் ஆய்வு காட்டியது. 2019-ல் அதை எழுதியவரே அதில் பிழை இருப்பதை வெளிப்படையாக எழுதினார்: 9,99,999 பைட் கொடுத்தால் ‘1.0 எம்பி’ என்று வர வேண்டிய இடத்தில் ‘1000.0 கேபி’ என்று வந்தது. கிட்டத்தட்ட பத்து வருடம்! மூலத்தில் திருத்திவிடலாம். காப்பி பேஸ்ட் ஆகிப் போன பிரதிகளை யார் தேடிப் போய்த் திருத்துவது?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ துணுக்குகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எடுத்தால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். இதை வெறும் சட்டச் சடங்கு என்றே நினைக்கிறோம். உண்மையில் அது திரும்பிப் போகும் வழி. கோடுக்கு மேலே ஒரு வரியில் சுட்டி இருந்தால், மூலத்தில் திருத்தம் வந்ததா என்று பிறகு வருபவர் பார்க்க முடியும். சுட்டி இல்லாத துணுக்கு அநாதை.

தமிழில் எழுதும் நம்மவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. விளக்கம் தமிழில், சோதனை ஆங்கிலத்தில் என்பதே இங்கே வழக்கம். ஆங்கிலக் குறிப்பை மொழிபெயர்க்கும்போது உதாரணச் சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறோம். தமிழ் வாசகருக்குப் புதிதாக ஒன்றைத் தந்திருக்கக்கூடிய ஒரே இடமும் அதுதான்.

புதிதாகப் படிக்க வருபவரிடம் விதிவிலக்குகளை அடுக்கினால் மிரண்டு ஓடிவிடுவார் என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் கேட்பது ஒரே ஒரு வரி. கை வைத்தியக் குறிப்பில்கூட ‘சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்’ என்று கடைசியில் எழுதுகிறார்களே! அந்த ஒரு வரியால் யாரும் கஷாயம் குடிப்பதை நிறுத்தவில்லை.

விமர்சனத்தோடு நிறுத்தாமல், நான் கேட்கும் வடிவத்திலேயே ஒரு குறிப்பு:

வேலை: தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது.
வழி: ‘ரெஜெக்ஸ்’ என்ற தனி மாட்யூலைப் பிப் மூலம் நிறுவி, அதன் ‘ஃபைண்ட்ஆல்’ ஃபங்ஷனில் ‘\எக்ஸ்’ கொடுங்க. இங்கே ‘எக்ஸ்’ பெரிய எழுத்து.
சோதித்த சொல்: ‘தமிழ்’. விளைவு: த, மி, ழ். இந்தப் பட்டியலைத் திருப்பிச் சேர்த்தால் ‘ழ்மித’.
எங்கே உதைக்கும்: ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் ஒற்றை எழுத்தாகக் கொள்பவர்களுக்கு இது ஒத்துவராது, ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணும்.
முன்வேலை: ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே கோட் பாயின்டாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் ‘வேறு வேறு’ என்றே வரும். சொற்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், முதலில் ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலின் ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனால் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்க.

நீளம் கொஞ்சம் கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் இதை எடுத்துப் போகிறவருக்கு எதுவரை நம்பலாம் என்று தெரியும். அடுத்த முறை துணுக்கு பகிரும்போது ‘ஹலோ’வுக்குப் பக்கத்தில் ஒரு ‘கொக்கு’வையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்களேன்.