யாருடைய மதிப்பெண்ணில் யாருக்கு அனுமதி?

சேர்க்கைப் பருவம் தொடங்கிவிட்டால் நாளிதழிலும் பேருந்தின் முதுகிலும் ஒரே வாசகம்தான்: யூஜிசி அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்புகள், நாக் ஏ பிளஸ் பிளஸ் தகுதி. விளம்பரம் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அதே வாசகத்தைக் கல்வியாளர்கள் வாதமாக்கிப் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. விதிகள் இறுகிவிட்டன, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 3.01 வாங்காத பல்கலைக்கழகம் இந்தப் பக்கம் வருவது கடினம், எனவே அஞ்சல்வழிப் படிப்பின் தரத்தைப் பற்றி இனிக் கவலை வேண்டாம் என்கிறார்கள். விதிகள் இறுகியது உண்மை. கவலை தீர்ந்தது என்பது உண்மையல்ல.

இறுகியதால் வந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஒரு காலத்தில் தொலைநிலைக் கல்விக் குழு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்தது. படிப்பை நடத்துகிறவரே மற்றவர்களுக்கு அனுமதியும் தந்துகொண்டிருந்தார். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் பொறியியல் பட்டமே கொடுத்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அதற்கு முடிவு வந்தது. இன்று படிப்பு மையங்களைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடத் தடை இருக்கிறது. சேரும் மாணவருக்குத் தனி அடையாள எண் வழங்கும் முறையும் 2024இல் வந்துவிட்டது. போலிகளை வடிகட்ட இவை உதவும்.

ஆனால் போலி இல்லை என்பதாலேயே ஒரு படிப்பு நல்ல படிப்பாகிவிடாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின் அடிக்கல்லே தவறான இடத்தில் இருக்கிறது என்பது என் நெடுநாள் வாதம். பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பு தொடங்க வேண்டுமானால் நாக் மதிப்பீட்டில் நான்குக்கு 3.01 பெற்றிருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்திருக்க வேண்டும். இந்த மதிப்பெண் எங்கே ஈட்டப்படுகிறது? ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வகம், நூலகம், விடுதி, வகுப்பறை, வளாக வேலைவாய்ப்பு ஆகியவற்றில். புதிதாக விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்திடம் தொலைநிலை மாணவர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க, அந்த எண் முழுக்க முழுக்க வளாக மாணவரைக் கொண்டு வாங்கிய எண். ஏற்கெனவே நடத்திவரும் பல்கலைக்கழகங்களிலும் தொலைநிலைப் பிரிவின் நிலை அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோகிறது.

இந்த எண்ணோடு விண்ணப்பம் போகிறது. பாடத்திட்ட அறிக்கை, சுயகற்றல் பாடநூல், உள்தர உறுதி மையம் அமைத்ததற்கான சான்று, பிரமாணப் பத்திரம் என்று இணைப்புகள் நீளும். இவற்றில் குறை வைக்கும் பல்கலைக்கழகம் அரிது, ஏனென்றால் இவையெல்லாம் எழுதித் தயாரிக்கக் கூடியவை. படிப்பு எப்படி நடக்கப்போகிறது என்ற வாக்குறுதிகள் அவற்றில் நிறைய இருக்கும். அனுமதி கிடைத்தபின் அது எப்படி நடந்தது என்று மாணவரிடம் கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு தாளின் ஐந்து அலகுகளும் மதிய உணவுக்கு முன்பே முடிக்கப்படும். நடத்துபவர் பெரும்பாலும் மணிக்கணக்குக்கு வந்த கௌரவ விரிவுரையாளர். நாலு பேருந்து மாறி வந்தவர் சந்தேகம் கேட்க வாய் திறப்பதற்குள் அடுத்த தாளுக்கு ஆள் வந்துவிடுவார். மையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் விடை எழுதி முடித்த அசைன்மென்ட் விலைக்குக் கிடைக்கும். முகப்புத் தாளில் பெயரும் பதிவு எண்ணும் எழுதினால் போதும். விதிப்படி நூற்றுக்கு முப்பது மதிப்பெண் வரை இந்தத் தொடர் மதிப்பீட்டுக்குப் போகலாம். ஒரே கையெழுத்தின் நகல் கட்டுக்கட்டாக வந்தாலும் மதிப்பெண் விழுகிறது என்றால், அதை யாரும் படிப்பதில்லை என்றுதானே பொருள்? திருத்திய அசைன்மென்ட் குறிப்போடு திரும்பி வருவதுதான் தொலைநிலை மாணவருக்கும் ஆசிரியருக்கும் உள்ள ஒரே உண்மையான தொடர்பு. அது அறுந்துபோனால் மிஞ்சுவது தேர்வுக் கட்டணம் மட்டுமே. ஏ பிளஸ் பிளஸ் வாங்கிய வளாகத்தின் ஆய்வகத்தால் இந்த மாணவருக்கு என்ன பயன்?

அந்த எண்ணாவது ஐயத்துக்கு அப்பாற்பட்டதா? லஞ்சம் வாங்கி உயர்தகுதி வழங்க முயன்றதாக நாக் ஆய்வுக் குழுவினரை 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்ததை நாடே பார்த்தது. இத்தனை பலவீனமான ஒன்றின் மீதுதான் ஊராட்சிச் செயலர், இரண்டாம் நிலைக் காவலர், திருமணத்தோடு படிப்பை நிறுத்திய பெண் என எத்தனையோ பேரின் பட்டத்தை ஏற்றி வைத்திருக்கிறோம்.

மாணவரைப் பார்க்காத அனுமதி முறை, தவறு நேரும்போது தண்டிப்பதும் மாணவரையே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்று யூஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது 2022 மார்ச்சில். இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்து, படித்து, தேறி, சான்றிதழ் வாங்கி, அதை வைத்து வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றார்கள். விளைவுகளுக்குப் பல்கலைக்கழகமே பொறுப்பு என்று யூஜிசி கைகழுவியது. ஏழு ஆண்டுகள் சேர்க்கை நடப்பதைக் கண்ட ஒழுங்காற்று அமைப்புக்குப் பொறுப்பே இல்லையா? அதே ஆண்டு செப்டம்பரில், அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று அதே யூஜிசி அறிவித்தது. பட்டங்களைச் சமம் என்று சொன்னவர்கள், படிப்பு சமமாக நடக்கிறதா என்று பார்க்கும் வழியை வகுக்கவில்லை.

3.01ஐ 3.5ஆக உயர்த்தினாலும் இந்த நோய் தீராது, ஏனென்றால் அளக்கப்படுவது வேறு ஒருவரின் கல்வி. அனுமதியைப் புதுப்பிக்க வரும் பல்கலைக்கழகத்திடம் தொலைநிலை மாணவரின் கணக்கைத்தான் கேட்க வேண்டும்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை அசைன்மென்ட் குறிப்போடு திரும்பிப் போனது, அவர்களுக்கென்றே எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பொதுவெளியில் வைக்காதவருக்குப் புதுப்பிப்பு தரக்கூடாது. யூஜிசி கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. விண்ணப்பப் படிவம் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் இந்த நான்கையும் கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.