ஒரு நோயாளி, 28 ஆண்டுகள்

மருத்துவர் ஜார்ஜ் மர்ரே 1920-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய அறிக்கை சிறியது. ஆயினும் படிக்கத் தக்கது. தைராய்டுச் சுரப்பு குன்றி உடல் தடித்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு, 1891-இல் அவர் செம்மறியாட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். பிறகு அது வாய்வழி மருந்தாயிற்று. அப்பெண் 1919-இல், தமது 74-ஆம் வயதில் காலமானார். அதுவரை அவருக்குச் செலவான சாறு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளிலிருந்து எடுக்கப்பட்டது.

ஒரே நோயாளியைக் கொண்டு முடிவு கூறலாமா? பொதுவாகக் கூடாது. 1891-இல் மர்ரே வெளியிட்ட முதல் குறிப்பு, சில மாதப் பலனை மட்டுமே காட்டியது. பின்வந்த அறிக்கை அக்குறையைப் போக்குகிறது. சிகிச்சையின்றேல் இந்நோய் முற்றிக்கொண்டே போகும் என்பதை லண்டன் கிளினிக்கல் சொசைட்டி 1888-இலேயே பதிவு செய்திருந்தது. அதனுடன் ஒப்பிட்டால் 28 ஆண்டுகள் வலுவான சான்று.

மருந்தளவை அறிய மர்ரேயிடம் இரத்தச் சோதனை இல்லை; நோயின் அறிகுறிகளே வழிகாட்டின. இன்று லிவோதைராக்சின் மாத்திரையும் டி.எஸ்.எச். சோதனையும் உள்ளன. இருந்தும், "உடம்பு தேறிவிட்டதே" என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் உண்டு. நிரந்தரமாகப் பழுதுற்ற சுரப்பியை மருந்து சீராக்குவதில்லை. அதன் வேலையைத் தான் ஏற்றுச் செய்கிறது. அவ்வறிக்கை நமக்கு உணர்த்துவது இதுவே.