டிஸ்பிளே என்றால் டிஸ்பிளேதான்: பிளேஃபேர் எழுத்துருவைப் பற்றி ஒரு குறிப்பு

அப்பாவின் 75-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் செய்து கொடுத்தேன். தன் வேலைக்காலத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகள், மொத்தம் 40 பக்கம். எழுத்துரு நான்தான் தேர்ந்தெடுத்தேன்: பிளேஃபேர் டிஸ்பிளே, 10 பாயின்ட். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அவ்வளவு கம்பீரமாக இருந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்தேன்.

அப்பா இரண்டு பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாருக்குப்பா, அப்புறமா படிக்கிறேன்"னு அலமாரியில் வைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், "எழுத்தெல்லாம் பாதி பாதியா இருக்குடா, ஈ எது சீ எதுன்னே தெரியல" என்றார்.

முதலில் கடைக்காரரின் டோனரைத்தான் திட்டினேன். அப்புறம் அதே கடையில், அதே மெஷினில், அதே பக்கத்தை ஜார்ஜியா எழுத்துருவில் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. ஆக, தப்பு என்னுடையது. அது எப்படிப்பட்ட தப்பு என்று தோண்டியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

பிளேஃபேர் டிஸ்பிளேவை வடிவமைத்தவர் கிளாஸ் எகர்ஸ் சோரன்சன். 2011-ல் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாக வெளியானது. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சாளர் ஜான் பாஸ்கர்வில்லின் சாயல் இதில் உண்டு. அகல முனை இறகுப் பேனா போய்க் கூர்முனைப் பேனா வந்த காலம் அது. வழவழப்பான தாள், கறுப்பு கூடிய மை என்று பாஸ்கர்வில் அச்சுத்தொழிலையே மாற்றிக்கொண்டிருந்தார். மெல்லிய கோடு தாளில் நிற்கும் என்ற தைரியம் வந்தபிறகுதான் எழுத்தின் தடித்த பாகத்துக்கும் மெல்லிய பாகத்துக்குமான வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. இத்தாலியின் பார்மா நகரில் போடோனி அதை உச்சிக்கே கொண்டுபோனார்.

இதில் நாம் மறந்துபோன ஒரு விஷயம் இருக்கிறது. உலோக அச்சுக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்ட வேண்டும். பெரிய எழுத்தைச் சுருக்கிச் சின்னதாக்க வழியே கிடையாது. அதனால் சின்ன அளவை வெட்டும்போது மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடியாக்குவார்கள், எழுத்துகளுக்கு இடையே இடம் கூட்டுவார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே பல வடிவங்கள். கணினி வந்ததும் ஒரே வரைபடத்தை எந்த அளவுக்கும் இழுக்கலாம் என்றாகிவிட்டது. எங்களைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு அது பெரிய வசதி. போனது என்ன என்று நாங்கள் கவனிக்கவில்லை.

ஒரு கணக்கு போடுவோம். மெல்லிய கோடு எழுத்தளவில் 40-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பிக்சல் தலைப்பில் அது 1.5 பிக்சல், நன்றாகத் தெரியும். 16 பிக்சல் உரையில் 0.4 பிக்சல். அரை பிக்சலைத் திரையால் காட்ட முடியாது, சாம்பல் நிறமாகப் பூசி மழுப்பும். தாளிலும் இதே கதைதான். 10 பாயின்ட் எழுத்தில் அந்தக் கோடு 0.09 மில்லிமீட்டர்கூட இல்லை. 600 டிபிஐ பிரின்டருக்கு அது இரண்டே புள்ளி. டோனர் லேசாகக் குறைந்தாலும் ஈயின் நடுக்கோடு காணாமல் போய் சீ ஆகிவிடும். அப்பா சொன்னது துல்லியமான பிழை அறிக்கை!

அப்போ இது மோசமான எழுத்துருவா? இல்லவே இல்லை. தலைப்பாகப் பெரிதாக வைத்துப் பாருங்கள். ஆர், எஃப் எழுத்துகளின் முனையில் இருக்கும் உருண்டைப் பொட்டு, சாய்வெழுத்தின் நெளிவு எல்லாம் அப்போதுதான் பேசும். சிற்றெழுத்துகள் உயரமாகவும், கீழே தொங்கும் வால்கள் குட்டையாகவும் இருப்பது தலைப்பு வரிகளை நெருக்கி அடுக்குவதற்காக. பொறியும் அங்கேதான். சிற்றெழுத்து உயரமாக இருப்பதால் சின்ன அளவிலும் படிக்க முடியும் போல ஒரு தோற்றம் தரும். நான் ஏமாந்தது அதில்தான்.

இன்னொரு சங்கடம் எண்கள். இதில் இயல்பாக வருவது பழைய பாணி எண்கள். 1970 என்று அடித்தால் 1-ம் 0-வும் குட்டையாக நிற்கும், 9-ம் 7-ம் வரிக்குக் கீழே தொங்கும். தலைப்பில் அழகுதான். ஆண்டும் தொகையுமாக நிறைந்த அப்பாவின் குறிப்புகளில் கண் தடுக்கிக்கொண்டே போனது. சம உயர எண்களும் உள்ளேயே இருக்கின்றன, ஆனால் நாம்தான் தேடிப்போய் அமைப்பை மாற்ற வேண்டும்.

என் விமர்சனம் வடிவத்தின் மேல் அல்ல, அது நம் கைக்கு வந்து சேரும் விதத்தின் மேல். இது தலைப்புக்கானது என்றும், உரைக்கு ஜார்ஜியாவைத் துணை சேர்க்கலாம் என்றும் எழுத்துருவின் அறிமுகக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் ஃபாண்ட் பட்டியலில் நம் கண்ணில் படுவது பெயர் மட்டும்தான். அதில் 'டிஸ்பிளே' என்ற ஒரே சொல்தான் மொத்த எச்சரிக்கையும். நான் அதை அலங்காரச் சொல் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். ஏபிஐ ஆவணத்தை இப்படிப் படித்திருந்தால் என் டீமில் என்னையே நான் திட்டியிருப்பேன்.

2016-ல் வந்த வேரியபிள் ஃபாண்ட் தொழில்நுட்பத்தில் அளவுக்கேற்ப வடிவம் மாறும் வசதி உண்டு. பிளேஃபேரின் அடுத்த பதிப்பும் அந்த வசதியோடு, 'டிஸ்பிளே' என்ற ஒட்டு இல்லாமல் வந்திருக்கிறது. போடோனி கையால் வெட்டியதை இப்போது கோடு எழுதிச் செய்கிறோம், அவ்வளவுதான்.

புத்தகத்தை மறுபடி அச்சடித்தேன். தலைப்புகள் பிளேஃபேர் டிஸ்பிளேவில், உரை ஜார்ஜியாவில், 12 பாயின்ட். நான்காம் நாள் அப்பா போன் செய்தார். "17-ஆம் பக்கத்துல ரெண்டு பேர் தப்பா இருக்குடா, திருத்திடு."