குரத்தியரின் வழி: சிதறால் கல்வெட்டும் மூதாதையரைத் தேடும் பயண எழுத்தும்

மூதாதையரின் சுவடு தேடிச் சிதறால் மலையேறும் பயண எழுத்து, பெரும்பாலும் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களோடு நின்றுவிடுகிறது. ‘நம் முன்னோர் சமணர்’ என்னும் முடிவுக்கு விரையும் அதற்கு, அருகிலேயே உள்ள வட்டெழுத்துகளை நாடும் பொறுமை வாய்ப்பதில்லை. டி. ஏ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் இவற்றைப் பதிப்பித்து நூறாண்டு கடந்துவிட்டது.

ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அரட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் இம்மலைப் படாரியார்க்குப் பொன்னணி அளித்த செய்தியைத் தருகிறது. இக்கொடையில் கொடையாளியை அடையாளப்படுத்துவது ஆசிரியர் பெயர். குரத்தி என்பது குரவன் என்பதன் பெண்பால். இடையின ரகரத்தை வல்லினமாக வாசிப்பின், சமண ஆசிரியை மலைக்குறத்தியாகிவிடுவார். பயணியர்க்கு இவ்வொரெழுத்து சிறிதாகத் தோன்றலாம், ஆய்வாளர்க்கு அன்று.

இம்மலையின் பழம்பெயரில் உள்ள சாரணர் என்னும் சொல் சமண முனிவரைச் சுட்டும். பாண்டிய நாட்டுக் கழுகுமலைப் பாறையிலும் ‘திருச்சாரணத்துக் குரத்திகள்’ செய்வித்த திருமேனி இடம்பெறுகிறது. ஊர்ப்பெயரை உடன்கொண்டு சென்ற இத்துறவியர் மகப்பேறு துறந்தவர்கள். அவர்களைக் குருதிவழி மூதாதையராக்குவது கல்வெட்டு கூறும் உறவுக்கே முரணானது. சமண இல்லறத்தார் இங்கு வாழ்ந்திருக்கலாம் என்பது மறுக்கத்தக்கதன்று. எனினும் இக்கொடை பேணிவைத்திருப்பது குடிவழியை அன்று, மாணாக்கர் வழியை.

பின்னாளில் இக்கோயில் பகவதி கோயிலாயிற்று. அங்கு விளக்கேற்றும் ஊரார்க்கு அது தொலைந்த மரபு அன்று. தொலைந்ததைத் தேடி வருவோர் சிதறாலிலிருந்து அடுத்துச் செல்லவேண்டிய ஊர் கழுகுமலை.