புள்ளி தொலைந்த வினாத்தாள்

ஆசிரியர்களே, நமக்குள் பகிரும் எஸ்.பி.எம். பயிற்சித்தாள்களில் வினாக்கள் தரமானவை; குறை அச்சில்தான். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்தத் தாளே பாடநூல் மாதிரி. வலிமிகும் இடம் கேட்கும் வினாவில் ‘படிக்கச் சொன்னார்’ என்பது ‘படிக்கச சொன்னார்’ என்று வந்தால் மாணவர் எதைத் திருத்துவார்?

மை மிச்சம் பிடிக்கும் ‘டிராஃப்ட்’ முறையில் சின்ன எழுத்தின் புள்ளி மங்கிடும். 600 டிபிஐ வைங்க.

திரையிலேயே ஆங்கிலக் கிறுக்கலா? யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு உங்க கணினியில் இல்லை. திரையில் தமிழ், தாளில் கிறுக்கல் என்றால் பிரிண்டர் தன் எழுத்துருவை மாற்றிப் போடுது. ‘படமாக அச்சிடு’ கொடுங்க.

விண்டோஸ் 2000-லேயே ‘லதா’ வந்தாச்சு. இன்னும் பழைய எழுத்துருவில் வினாத்தாள் தயாரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. யூனிகோடில் தட்டி, எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஆக அனுப்புங்க.